பத்து நாள் உயிரோடிரு, லார்டு!

"வீ...ல்!"

கேணிக்கரைத் தெருவே திரும்பிப் பார்த்தது.

கம்பவுண்டர் தங்கசாமியின் கையிலிருந்த பேதி மருந்துச் சீசா நழுவிக் காலில் விழுந்தது. வலியைக் கவனிக்க நேரமில்லை. கொல்லைப்புறத்துக்கு ஓடினான்.

அங்கே...

இரும்புக் கூண்டு கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது!

உள்ளே, பழுப்பும் கறுப்புமாக ஓர் அல்சேஷன். பின்னங்கால்களில் எழுந்து நின்று கம்பிகளை உலுக்கியது. வெளியே, சுவரோடு ஒட்டிக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டரின் சம்சாரம். அவள் மார்போடு ஒரு வெள்ளைப் பஞ்சு மூட்டை. பெயர் ராணி. ஜாதி, பாமரேனியன்.

"கொலை பண்ணப் பாக்குதுய்யா! என் ராணியைக் கொலை பண்ணப் பாக்குது!"

தங்கசாமி கூண்டைப் பார்த்தான். நாயின் வாலைப் பார்த்தான். கொலைகாரன் எவனும் வாலாட்டுவதில்லை.

"அம்மா, அது கொலை பண்ணப் பாக்கல."

"பின்ன?"

"சம்பந்தம் பேசப் பாக்குது. ராணிக்கு இது பருவம் போல. பத்து நாளைக்கு வீட்ல கட்டி வைங்க."

"சீ!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தம்மாள் போய்விட்டாள்.

தங்கசாமி சிரித்தபடி நடந்தான். நாலே எட்டு.

நின்றான்.

சிரிப்பும் நின்றது.

சம்பந்தம் பேசப் பார்ப்பது யார்? லார்டு அல்லவா?

லார்டு எப்படிப் பேசும்...?

திரும்பி ஓடினான். கூண்டருகே மண்டி போட்டான். தலையைத் தரையோடு சாய்த்து, நாயின் பின்னங்கால்களுக்கு நடுவே உற்றுப் பார்த்தான்.

ஒன்று...

இரண்டு!

இருக்கவே கூடாத இடத்தில், இருக்கவே கூடாதவை, இரண்டும் இருந்தன!

*

'டாக்டர் மஹ்மூது நாய், பூனை வைத்தியசாலை. ஸ்தாபிதம் 1947.'

பலகையில் எழுதியிருந்த வரலாறு அவ்வளவுதான். எழுதாதது கொஞ்சம் நீளம்.

சுதந்திரம் வந்த மாதம், துரைமார்கள் மூட்டை கட்டினார்கள். பீங்கான் தட்டைக்கூட வைக்கோல் சுற்றி எடுத்துப் போனார்கள். நாய்களுக்கு மட்டும் டிக்கெட் எடுக்கவில்லை. இங்கிலீஷ் மட்டுமே புரிந்த பதினொரு நாய்கள் ராமநாதபுரம் தெருக்களில் சோற்றுக்கு அலைந்தன. பட்டாளத்தில் குதிரைக்கு வைத்தியம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த மஹ்மூது, அவற்றைக் கூட்டிவந்து ஒரு கொட்டகை போட்டார்.

"நாய்க்கு ஒரு டாக்டரா!" என்று ஊர் சிரித்தது.

சிரித்த ஊரே அந்த நாய்களைப் போட்டி போட்டுக்கொண்டு தத்து எடுத்தது. துரை வளர்த்த நாய் வாசலில் படுத்திருந்தால், துரையே படுத்திருந்த மாதிரி!

அப்புறம் கூட்டத்துக்குக் குறைவில்லை. குடல் பூச்சி, சொறி, காதில் சீழ், சிலோனுக்குக் கப்பலேறும் நாய்க்கு சர்டிபிகேட், கடித்த நாய்க்குப் பத்து நாள் கண்காணிப்பு. பலகையின் கடைசி வரியில், சின்ன எழுத்தில், 'இதர ஆபரேஷன்கள்'.

டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவுவார். அதில் ஒரு தடவை மண் போட்டு. மார்க்கம் சொன்ன கணக்கு. தினம் எட்டு நாய் வந்தால் ஐம்பத்தாறு கழுவல்! அதனால் அவசியமில்லாமல் எந்த நாயையும் தொடமாட்டார். பிடிப்பது, அமுக்குவது, கடிபடுவது எல்லாம் தங்கசாமியின் இலாகா.

இப்போதும் தொட்டியடியில்தான் நின்றார். ஐந்தாவது கழுவல்.

"டாக்டரய்யா!"

"என்ன தங்கசாமி, பேயைப் பாத்தவன் மாதிரி வாரே?"

"அறுத்தது திரும்ப முளைக்குமாய்யா?"

"எது?"

"லார்டுக்கு."

சோப்பு தொட்டிக்குள் விழுந்தது.

"என்ன உளர்றே?"

"ரெண்டும் இருக்குய்யா! சத்தியமா! மூணு வருஷத்துக்கு முந்தி இந்தக் கையாலதான் காலை அமுக்கிப் பிடிச்சேன். நீங்க அறுத்தீக. நான்தான் கொல்லையில பொதைச்சேன்!"

டாக்டர் கூண்டுக்கு ஓடினார். குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமில்லை.

"யா அல்லாஹ்... இது லார்டு இல்ல!"

*

லார்டு, சின்ன ஜமீன் மருதுபாண்டியின் நாய்.

ஜமீனை சர்க்கார் எடுத்துக்கொண்டு ஆறு வருஷமாகிறது. அந்தச் செய்தியை அவருடைய மீசைக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை. நயினார்கோவில் பக்கம் தனியாகப் புலி சுட்டதாகச் சொல்லுவார். அந்தப் பொட்டலில் புலிக்கு என்ன வேலை என்று கேட்கிறவன் யார்?

புலிக்கு அடுத்த பெருமை லார்டு.

"ஆம்பளைச் சிங்கம்யா! இந்த ஊர்த் தெருவுல திரியிற குட்டியில பாதி நம்ம லார்டோட வம்சம்!"

அந்த வம்சம் 1954ஆம் வருஷமே அறுபட்ட கதை அவருக்குத் தெரியாது.

ஜமீன் கேஸுக்காக அவர் பதினைந்து நாள் மெட்ராஸ் போயிருந்தார். அப்போது அவர் மனைவி இராமலட்சுமி மூடுவண்டியில் நாயோடு வந்து இறங்கினாள். ராத்திரிக்கு ராத்திரி லார்டு சுவரேறிக் குதித்து ஊர் மேய்ந்தது. காலையில் ஊர்ப் பஞ்சாயத்து அவளிடம் வந்தது.

"எங்க வீட்ல ஒண்ணையாவது அடக்கணும் டாக்டர்" என்றாள். "வெளியில தெரியக் கூடாது."

தெரியவில்லை. மூன்று வருஷமாக லார்டின் முகத்தை மட்டுமே பார்த்து மீசையை முறுக்கினார் மருதுபாண்டி. அல்சேஷனுக்குப் பின்பக்கம் ரோமம் அடர்த்தி. குனிந்து பார்க்கிற வழக்கமும் ஜமீனில் இல்லை.

அந்த லார்டு, போன சனிக்கு முந்தின சனிக்கிழமை, மீன் விற்க வந்த மிக்கேலம்மாளைக் கெண்டைக்காலில் கடித்தது. கண் சிவந்து, வாயில் நுரை வழிந்ததாகச் சொன்னாள். அவள் ஓடிவந்தது இந்த வைத்தியசாலைக்குத்தான். டாக்டர் தம் வழக்கப்படி ஏழு தடவை புண்ணைக் கழுவிவிட்டார்.

கடித்த நாய்க்கு வெறி இருந்தால் பத்து நாளுக்குள் அது செத்துவிடும். பத்து நாளும் நன்றாக இருந்தால் கடிபட்டவருக்கு ஊசி வேண்டாம். செத்தால் ஊசி. தொப்புளைச் சுற்றி, பதினாலு!

நாயைக் கேட்டதற்கு ஜமீன் இரண்டு நாள் குதித்தது. "நம்ம லார்டு, சொறிநாய்ங்களோட கூண்டுலயா?" செவ்வாய்க்கிழமை காலையில் ஜமீன்தாரின் அண்ணன் மகன் சேதுராசு ஒரு நாயைக் கொண்டுவந்து விட்டான்.

கண்காணிப்பு நாயை யாரும் தொடக் கூடாது என்பது விதி. தொடவில்லை. வெளியே நின்று பார்த்தார்கள். தின்றது, குடித்தது, வாலாட்டியது.

"ஊசி வேணாம் மிக்கேலம்மா. நாயி கல்லு மாதிரி இருக்கு" என்று ஆறு நாளாகத் தைரியம் சொன்னவன் தங்கசாமி.

இன்று ஏழாம் நாள். கடிபட்டு ஒன்பது நாள்!

*

"ஏ கடிச்ச ராசா! உசுரோட இருக்கியாடா?"

வந்துவிட்டாள்.

தினமும் மண்டபத்திலிருந்து காலை ரயிலில் மீன்கூடையோடு வந்து, கூண்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வியாபாரத்துக்குப் போவாள். புருஷன் கடலில் போய்விட்டான். மூன்று பிள்ளைகள். அவள் உயிர் இந்தக் கூண்டில் வாலாட்டிக்கொண்டிருப்பதாக அவளுக்கு நம்பிக்கை.

"நல்லாத் தின்னு ராசா. நீ இருந்தாத்தான் நான் இருப்பேன்" என்று ஒரு சாளை மீனைக் கூண்டுக்குள் எறிந்தாள்.

தங்கசாமி டாக்டரைப் பார்த்தான். டாக்டர் தரையைப் பார்த்தார்.

"மிக்கேலம்மா..."

"என்ன சாமி?"

"உன்னையக் கடிச்ச நாயி இது இல்ல."

கூடை இடுப்பிலிருந்து இறங்கியது.

"அப்ப அது?"

"செத்திருக்கும். அதை மறைச்சு இதைக் கொண்டாந்து விட்டிருக்காக."

"மாதாவே! அப்ப நானு...?"

"பயப்படாதே" என்றார் டாக்டர் அவசரமாக. "கடி காலுல. விஷம் மூளைக்கு ஏற நாளாகும். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரியில முதல் ஊசி போட்டுரு. நேரம் இருக்கு."

மிக்கேலம்மாள் கண்ணைத் துடைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். கூடையைத் தூக்கினாள்.

"போறேன். அதுக்கு முந்தி அந்த மீசையை ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்!"

"இரு. நாங்களும் வாரோம்" என்றான் தங்கசாமி. "போற வழியில சப்-இன்ஸ்பெக்டரையும் கூட்டிக்குவோம்."

*

ஜமீன் வீட்டு முற்றம்.

மருதுபாண்டி சாய்வு நாற்காலியில் இருந்தார். தோளில் சரிகைத் துண்டு. இடது கை துண்டுக்குள். வலது கை மீசையில். தூணோரம் சேதுராசு, பவ்யமாக. கொழும்பிலிருந்து வந்து ஆறு மாதமாகிறது. பிள்ளையில்லாத சித்தப்பாவுக்கு ஒரே வாரிசு.

தங்கசாமிக்கு அவனைப் பிடிக்கும். தினமும் சைக்கிளில் வந்து, 'நாய் நலம்' என்று டாக்டர் கையால் சீட்டு வாங்கிப் போவான். "சீட்டைப் பாத்தாத்தான் சித்தப்பா சோறு திங்கிறாரு, கம்பவுண்டரண்ணே!" என்பான். பாசம் என்றால் இதுதான் என்று தங்கசாமி நினைத்திருந்தான்.

"வாரும் டாக்டரு! இன்ஸ்பெக்டரும் வாங்க!" மருதுபாண்டி கர்ஜித்தார். "என்னவே, நம்ம லார்டைச் சங்கிலியில கூட்டியாந்திருக்கீரு? பத்து நாளு முடிஞ்சிருச்சோ?"

சப்-இன்ஸ்பெக்டர் பாக்கர் தொப்பியைக் கழற்றினார். "இது உங்க நாய்தானாய்யா?"

"என்ன கேள்வி இது? தலையெடுப்பைப் பாரும்! ஆம்பளைச் சிங்கம்! பாதி ஊரு இவன் வம்சம்!"

"அங்கனதான்யா இடிக்குது" என்றான் தங்கசாமி.

"எங்கன?"

"உங்க லார்டுக்குக் காயடிச்சு மூணு வருஷம் ஆச்சு."

மீசையை முறுக்கிய கை அப்படியே நின்றது.



"ஏலே!" நாற்காலி அலறியது. "எவன்கிட்ட என்ன பேசுறே? நாக்கை அறுத்துருவேன்! நம்ம வீட்டு நாயி..."

"அறுத்தது நாக்கை இல்லீங்க." கதவோரம் ஒரு குரல். இராமலட்சுமி. "நான்தான் செய்யச் சொன்னேன். நீங்க மெட்ராஸுக்குப் போயிருந்தப்ப."

ஜமீன்தாரின் வாய் திறந்தது. திறந்தபடி நின்றது. மீசையின் இரண்டு நுனிகளும் ஒரே சமயத்தில் இறங்கின. ஆறு வருஷத்துக்கு முந்தைய செய்தி இப்போதுதான் அங்கே போய்ச் சேர்ந்ததோ என்னவோ!

"அப்ப... மூணு வருஷமா நான் ஊரெல்லாம் சொன்னது?"

"நான் குறுக்க பேசலீங்க."

மருதுபாண்டி மெல்லக் குனிந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த இடத்தைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"லார்டு! சல்யூட்!"

துரை பழக்கிய வம்சம். லார்டு என்றால் முன்னங்காலை நெற்றிக்குத் தூக்கும். இந்த நாய் கொட்டாவி விட்டது.

"இது... இது நம்ம லார்டு இல்ல!"

"நடிக்காதீக அய்யா!" மிக்கேலம்மாள் முற்றத்தின் நடுவே வந்து நின்றாள். "செத்த நாயைப் பொதைச்சுப்புட்டு வேற நாயை விட்டீகளே, என் மூணு பிள்ளைகளும் தெருவுல நிக்கட்டும்னுதான?"

"லார்டு செத்துப்போச்சா?"

அவர் குரல் உடைந்தது. அந்தக் குரலில் ஜமீன் இல்லை, புலி இல்லை. நாயைப் பறிகொடுத்த ஒரு கிழவன் இருந்தான்.

தங்கசாமி அதைக் கவனித்தான். 'இவருக்கு நிஜமாவே தெரியாது! அப்ப மாத்தினது யாரு? எதுக்கு?'

அவன் கண் அந்தச் சரிகைத் துண்டின் மேல் போனது.

"அய்யா... வந்ததுலேருந்து பாக்குறேன். இடது கையை ஏன் துண்டுக்குள்ளயே வச்சிருக்கீக?"

"அது... ஒண்ணுமில்ல. ரோசா முள்ளு."

"காட்டுங்க" என்றார் டாக்டர்.

துண்டு விலகியது. கட்டு அவிழ்ந்தது.

ஆள்காட்டி விரலின் அடியில்... நாலு பல்!

"யா அல்லாஹ்!"

"சனிக்கிழமை காலையில சோறு வச்சேன். லார்டு வெடுக்குன்னு..." மருதுபாண்டி தரையைப் பார்த்துப் பேசினார். "நான் வளத்த நாயி என்னையவே கடிச்சதுன்னு வெளியில சொல்றதா? மீசை என்னத்துக்கு? அதான் முள்ளுன்னுட்டேன்."

"ஊசி போட்டீகளா?"

"எதுக்கு? அதான் தினமும் உம்ம சீட்டு வருதே!"

மடியிலிருந்து எடுத்து நீட்டினார். ஆறு சீட்டுகள். நாய் நலம். நாய் நலம். நாய் நலம்... ஆறிலும் டாக்டர் மஹ்மூதின் கையெழுத்து!

டாக்டர் சீட்டுகளை வாங்கிப் புரட்டினார். "கையில கடி. கால்ல கடிச்ச மாதிரி இல்ல, இது சீக்கிரம் ஏறும். ஒன்பது நாளா ஊசியில்லாம... என் கையெழுத்தாலேயே ஒரு மவுத்து நடக்க இருந்துச்சே!"

"கத்தியில்ல, துப்பாக்கியில்ல, விஷமில்ல" என்றார் பாக்கர், மெல்ல. "நல்ல நாயை வச்சு ஒரு கொலை! வெறிநாய்க்கடியில செத்தா எந்தப் போலீஸ்காரன் கேக்கப் போறான்? அய்யா, கையில கட்டு போட்டது யாரு?"

"நம்ம சேதுராசு."

"நாயைக் கொண்டாந்து விட்டது?"

"சேதுராசு" என்றான் தங்கசாமி.

"சீட்டு வாங்கியாந்தது?"

எல்லோரும் தூணைப் பார்த்தார்கள்.

தூண் இருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை!

"பிடி!"

சேதுராசு வாசலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தான். பாக்கரின் பூட்ஸ் முற்றத்து ஈரத்தில் வழுக்கியது. தங்கசாமி சங்கிலியில் சிக்கினான். போலி லார்டு இதையெல்லாம் விளையாட்டு என்று நினைத்துக் குதித்தது.

வாசலுக்கும் சேதுராசுவுக்கும் நடுவே ஒரே ஓர் ஆள்.

மிக்கேலம்மாள்!

கூடைக்குள் கை விட்டாள். அன்றைய சரக்கில் ஒரு திருக்கை இருந்தது. முறம் அகலம். சாட்டை மாதிரி வால்! வாலைப் பிடித்தாள். தலைக்கு மேலே ஒரு சுற்று சுற்றினாள்.

பளார்!

சேதுராசு மல்லாந்தான். முகமெல்லாம் திருக்கை.

"என் பிள்ளைகளுக்கு இது ஒண்ணு!" அடுத்த வீச்சு. "உங்க சித்தப்பாவுக்கு இது ஒண்ணு! மீனு போனாப் போகுது!"

பாக்கர் விலங்கோடு வந்துசேரக் கொஞ்ச நேரமானது. அவர் அவசரப்பட்டதாகவும் தெரியவில்லை.

*

சேதுராசு எல்லாவற்றையும் கொட்டினான்.

கடித்த அன்றே லார்டைத் தென்னந்தோப்பில் கட்டிப் போட்டிருந்தான். திங்கட்கிழமை அது செத்தது. அங்கேயே புதைத்தான். பாம்பனில், மாற்றலாகிப் போகவிருந்த ஓர் இன்ஜினியர் வீட்டில் லார்டுக்குக் கூடப்பிறந்தது ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கிவந்தான். நாயைப் பார்க்கப் போகாதீங்க, ஜமீனுக்குக் கௌரவக் குறைச்சல் என்று சித்தப்பாவைத் தடுத்தான்.

"மீன்காரம்மா செத்தா?" என்று கேட்டார் பாக்கர்.

"அதை... அதை நான் நினைச்சே பாக்கல சார்."

"நினைக்க மாட்டே. உன் திட்டத்துல இந்த மீன்காரி கணக்கே இல்ல" என்றாள் மிக்கேலம்மாள். திருக்கை இன்னும் கையில் இருந்தது.

வாசலில் குதிரைவண்டி நின்றது. பெரிய ஆஸ்பத்திரிக்கு. மிக்கேலம்மாள் முதலில் ஏறி உட்கார்ந்தாள். மருதுபாண்டி படியில் தயங்கினார்.

"டாக்டரு... அந்தப் பதினாலு ஊசி... ரொம்ப வலிக்குமோ?"

"ஏறுங்க" என்றாள் இராமலட்சுமி பின்னாலிருந்து. "லார்டுக்கு அம்புட்டுப் பெரிய ஆபரேஷன். ஒரு முனகல் இல்ல."

"தள்ளி உக்காருங்க அய்யா. கூடை இருக்கு" என்றாள் மிக்கேலம்மாள். ஜமீன் தள்ளி உட்கார்ந்தது.

வண்டி போனது.

பாக்கர் விலங்கை இழுத்தார். போகிற போக்கில் அவருக்கு ஒரு சந்தேகம்.

"ஏன்டா, நெத்தி மச்சம் வரைக்கும் பொருத்தமா நாயைப் பிடிச்சிருக்கே. அந்த ஒரு சமாச்சாரத்தைப் பாக்காம விட்டுட்டியே?"

சேதுராசு மூக்கில் ஒட்டியிருந்த மீன் கொழகொழப்பைத் துடைத்தான். அழுகை வந்தது.

"எதுக்கு சார் பாக்கணும்? சித்தப்பாதான் தினமும் சொன்னாரே... லார்டு ஆம்பளைச் சிங்கம், பாதி ஊரு அது வம்சம்னு! நம்பிட்டேன் சார்!"

தங்கசாமி தலையில் அடித்துக்கொண்டான்.

"அடப்பாவி! இந்த ராமநாதபுரத்துலயே அவரு பேச்சை நம்புன ஒரே ஆளு நீதான்டா!"